பக்கவாதம்: சி.டி. ஸ்கேன் முதல் ரத்தக்கட்டி கரைப்பு வரை

நோயாளி கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்? முதலில் இதைக் கேளுங்கள். தூக்கத்தில் வந்த பக்கவாதத்துக்கு, விழித்த நேரத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

விரலில் குத்தி சர்க்கரை பாருங்கள். தாழ்சர்க்கரையும் பக்கவாதம் போலவே தோன்றும். உடனே சாய மருந்து (கான்ட்ராஸ்ட்) ஏற்றாத சி.டி. ரத்தக்கசிவு இருந்தால் கட்டி கரைப்பு மருந்து கூடாது. படம் சுத்தமாக இருப்பதால் பக்கவாதம் இல்லை என்று அனுப்பிவிடாதீர்கள். முதல் சில மணி நேரம் அப்படித்தான் இருக்கும்.

கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து 4.5 மணி நேரத்துக்குள், ரத்த அழுத்தம் 185/110-க்குக் கீழ் இருந்தால் கட்டி கரைப்பு மருந்தான ஆல்டெப்ளேஸ்: கிலோவுக்கு 0.9 மி.கி., உச்சம் 90. எடையை ஊகிக்காமல் நிறுத்துப் பாருங்கள். 70 கிலோவுக்கு 63 மி.கி.; 6.3 ஒரு நிமிடத்தில், மீதி 56.7 ஒரு மணி நேரத்தில். குப்பியைக் குலுக்கினால் நுரைக்கும், மெதுவாகச் சுழற்றுங்கள். பை காலியானதும் குழாயைக் கழற்றுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. குழாயில் தங்கிய மருந்தும் டோஸ்தான். அதே வேகத்தில் சலைன் ஓட்டுங்கள்.

சி.டி. ஆஞ்சியோவில் (ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி.) பெரிய தமனி அடைப்பு தெரிந்தால், மருந்து வேலை செய்யட்டும் என்று காத்திராமல் த்ராம்பெக்டமிக்கு (ரத்தக்குழாய் வழியே கட்டியை வெளியே எடுப்பது) அனுப்புங்கள். திடீர்த் தலைவலி, வாந்தி, நினைவு மங்கல் என்றால் மருந்தை நிறுத்தி மறுபடி சி.டி. 24 மணி நேரம் கழித்து எடுக்கும் சி.டி.யைப் பார்க்கும்வரை ஆஸ்பிரின் வேண்டாம்.