பெரியம்மாவின் இடப்பெயர்வைப் போனில் படமாக்கிய விதம்

இறுதி யுத்தத்தில் கிளிநொச்சியில் வெளிக்கிட்டு முள்ளிவாய்க்கால் வரை போன பெரியம்மா குடும்பத்தின் கதையை 20 நிமிடப் படமாக்க எனக்கு ஆறு மாதம் எடுத்தது. பாதிக்கு மேல் என் பிழைகளைத் திருத்தவே போனது.

1. போன்: 1080பி போதும். அதற்கே மணித்தியாலத்துக்கு 7, 8 ஜிபி போகும். ஃபிளைட் மோட் மறக்காதீர்கள்.

2. சத்தம்: படம் மங்கினாலும் சனம் பார்க்கும், பேச்சு விளங்காவிட்டால் எழும்பிப் போய்விடும். வயர் உள்ள கொலர் மைக்தான் என் தெரிவு, புளூடூத் பக்கமே போகமாட்டேன். மைக் இல்லையா? பழைய போனில் வொய்ஸ் ரெக்கோடரைப் போட்டு மடியில் வைத்து, தொடக்கத்தில் ஒருக்கால் கைதட்டுங்கள். எடிட்டில் அந்தத் தட்டை வைத்து இரண்டையும் பொருத்தலாம். ஓலை வேலிக்குப் பக்கத்தில் இருத்தாதீர்கள், காற்றுக்குச் சரசரக்கும்.

3. கேள்வி: நான் சறுக்கியது இங்கேதான். "2009 ஜனவரியில எங்க இருந்தனீங்கள் பெரியம்மா?" என்று தொடங்கினேன். அவ நிமிர்ந்து இருந்து முழுப் பெயர், குடும்ப அட்டை இலக்கம், ஆக்கள் தொகை என்று ஒப்புவித்தா. இடம்பெயர்ந்த சனத்தை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமில் தொடங்கி எத்தனை பதிவு கண்ட மனுசி! இரண்டு மணித்தியாலத்தில் ஒரு வரியும் தேறவில்லை.

அடுத்த முறை கமராவை எடுக்கவேயில்லை. கொப்பித் தாளில் வழியைக் கீறச் சொன்னேன். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், வலைஞர்மடம். பிறகு கமராவைப் போட்டு, ஊருக்கு ஊர் ஒரே கேள்வி: "இங்க எதை விட்டிட்டு வந்தனீங்கள்?"

விசுவமடுவில் டீசல் முடிந்த லான்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு மெசின்), அதில் வீட்டு ஓடும் நிலைக்கதவும். உடையார்கட்டில், "தையல் மெசினைக் கிணத்துக்க இறக்கிட்டு வந்தனான், திரும்பி வந்து எடுக்கலாமெண்டு." கடைசியாகக் கடந்த வட்டுவாகல் பாலத்தில் கையில் மிஞ்சியது காணி உறுதி வைத்த சொப்பிங் பை.

திகதியை நீங்களே எழுத்தில் போடுங்கள்: 2009 ஜனவரி 2 கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்தது, 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டது.

4. எடிட்: கேப்கட் எடிட்டிங் செயலி காணும். அழும் இடத்துக்குப் புல்லாங்குழல் போட்டால் நான் பார்க்கமாட்டேன்.

பிற்சேர்க்கை: முகத்தை மறைத்தால் போதுமா என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. காணாது, ஊரார் குரலிலேயே பிடிப்பினம். வெளியே விட முதல் அவைக்கே போட்டுக் காட்டுங்கள். காணாமல் போன மச்சானைப் பற்றிய இரண்டு நிமிடத்தைப் பெரியம்மா வெட்டச் சொன்னா. வெட்டிவிட்டேன். அந்தத் துண்டு பென் டிரைவில், உறுதி இருக்கிற அதே பைக்குள் இருக்கிறது.