எலும்புப்புரை மருந்து தொடங்கிய பிறகு மூட்டு வலித்தால்

எலும்பைப் பலப்படுத்தும் மருந்து எப்படி மூட்டுவலி தரும் என்று நினைத்து, பலர் இரண்டையும் சேர்த்தே பார்ப்பதில்லை. வயசானால் அப்படித்தான் என்று வீட்டிலும் சொல்லிவிடுவார்கள். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள்.

முதலில் மருந்து எடுத்த தேதியையும் வலி வந்த தேதியையும் பாருங்கள். எலும்புப்புரைக்காக சோலெட்ரோனிக் ஆசிட் என்ற மருந்தை டிரிப்பாக ஏற்றிய மூன்று நாளுக்குள் காய்ச்சல், உடம்புவலி, மூட்டுவலி வந்தால் அது பெரும்பாலும் சில நாளில் தானாக அடங்கிவிடும், பாராசிட்டமால் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டால் போதும், அடுத்த முறை பொதுவாக இவ்வளவு படுத்தாது.

அடங்காமல் நீடிக்கும் வலிதான் வேறு கதை. அலென்ட்ரோனேட், ரைசெட்ரோனேட், ஐபாண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் ஆசிட் எல்லாமே பிஸ்பாஸ்போனேட் என்ற ஒரே வகை. இவற்றை எடுப்பவர்களில் சிலருக்கு எலும்பு, மூட்டு, தசையில் நடமாடவே முடியாத அளவு வலி வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008 ஜனவரியிலேயே எச்சரித்தது. தொடங்கிய சில நாளிலும் வரலாம், சில வருஷம் கழித்தும் வரலாம், அதனால்தான் 'இவ்வளவு நாள் ஒத்துக்கொண்ட மருந்துதானே' என்று ஏமாந்துபோகிறோம். நிறுத்தியதும் சிலருக்குச் சரியாகிவிடுகிறது, சிலருக்கு மெதுவாகவோ அரைகுறையாகவோதான் குறைகிறது.

அதனால் எந்த மூட்டு, எப்போது தொடங்கியது, வீக்கம் உண்டா, காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு என்று எழுதி எடுத்துப்போங்கள். கொலஸ்டிரால் மாத்திரை உட்பட சாப்பிடும் எல்லாவற்றையும் சொல்லுங்கள், ஏனென்றால் ஸ்டாட்டின் என்ற கொலஸ்டிரால் மாத்திரையும் தசைவலி தரும். வைட்டமின் டி, கால்சியம் பரிசோதனையையும் கேளுங்கள், டி குறைந்தாலே எலும்பு வலிக்கும். ஒரே மூட்டு சிவந்து, சூடாக வீங்கினால் அன்றே காட்டுங்கள்.

தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ புதிதாக மந்தமான வலி வந்தால் அதை மூட்டுவலிக் கணக்கில் சேர்க்கவே கூடாது. நீண்டகாலம் இந்த மருந்து எடுப்பவர்களில் அரிதாகத் தொடை எலும்பு முறியும், அதற்கு முன்னறிவிப்பாக இந்த வலி வரலாம். உடனே எக்ஸ்ரே, இரண்டு தொடைக்கும்.

அப்புறம், வலி தாங்காமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குறிப்பாக எலும்புப்புரைக்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் வேறு வகை மருந்தான டெனோசுமாப் ஊசியைத் தள்ளிப்போட்டால் எலும்பு அடர்த்தி வேகமாகக் குறைந்து முதுகெலும்பு முறியக்கூடும். பிஸ்பாஸ்போனேட் அப்படியில்லை, எலும்பில் பல காலம் தங்கும், அதனால் இடைவெளி விட்டுப் பார்க்கலாமா, வேறு மருந்துக்கு மாறலாமா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்.