குடிநோயில் இழந்த நண்பனை நினைவுகூர்வது எப்படி

குடிநோயால் இறந்தவரின் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வருகிறவர்களில் சிலர், "குடிச்சே அழிஞ்சான்" என்று முற்றத்தைத் தாண்டுவதற்குள் சொல்லிவிடுகிறார்கள். மற்றவர்கள், குடி என்ற பேச்சே அந்த வீட்டில் எழுந்ததில்லை என்பதுபோல, அவனைப்போலத் தங்கமான மனிதன் உண்டா என்று புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள். பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்து பந்தலைப் பிரித்ததும் இரண்டு பேச்சும் ஓய்ந்துவிடுகின்றன. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த என் நண்பன் இறந்து சில மாதங்கள் கழித்து அவன் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவனுடைய அம்மா கட்டஞ்சாயாவைக் கையில் தந்துவிட்டு, "மக்களே, அவன் பேரச் சொல்ல இப்போ ஒருத்தரும் இல்ல" என்றார். இப்படி இறந்தவர்களை நினைவில் வைத்துக்கொள்வதற்கும் ஒரு வழிமுறை வேண்டும் என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது. அவனுக்காக நாங்கள் செய்தவற்றையும், செய்யாமல் விட்டு வருந்துகிறவற்றையும் கொண்டு இதை எழுதுகிறேன்.

நோயை நோய் என்று சொல்லுங்கள்

"நினைத்திருந்தால் நிறுத்தியிருக்கலாமே" என்ற கேள்வி எல்லாத் துக்க வீடுகளிலும் எழும். அதற்கு விடை தெரிந்திருப்பது நண்பனுக்கு நீங்கள் செய்யும் முதல் மரியாதை. பல ஆண்டுகள் நாள்தோறும் அதிகமாகக் குடித்து உடல் அதற்குப் பழகிவிட்ட ஒருவர், மருத்துவ உதவியில்லாமல் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்துக்குள் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். சிலருக்கு 2 முதல் 4 நாட்களுக்குள் இல்லாத உருவங்கள் தெரிந்து, இடமும் நேரமும் குழம்பி, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இந்த நோய் ஒருவருக்கு வருவதில் மரபணுவுக்கும் பெரிய பங்கு உண்டு. என் நண்பன் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கும்போது, "கை விறைக்குது மக்கா" என்று கை நடுங்குவதைச் சொல்லி ஒரு மடக்குக் குடித்த பிறகே கத்தியை எடுப்பான். நாங்கள் அதைச் சாக்கு என்று நினைத்தோம். அது சாக்கு அல்ல, நோயின் அடையாளம் என்பதை அவன் இறந்த பிறகு ஒரு மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆகவே, யாராவது "குடிகாரன்" என்று சொல்லும்போது, சண்டைக்குப் போகாமல், "அவனுக்குக் குடிநோய் இருந்தது" என்று மெதுவாகத் திருத்திச் சொல்லுங்கள். துக்க வீட்டில் அவ்வளவு போதும்.

ஒரு நோட்டுப்புத்தகம் வாங்குங்கள்

நினைவுகூர்தலில் மிக முக்கியமானது எழுதி வைப்பதுதான் என்று நான் நம்புகிறேன். இறந்து ஓராண்டுக்குள் எழுதத் தொடங்காவிட்டால், கடைசி வருடங்களின் அவலம் முந்தைய நினைவுகளையெல்லாம் மூடிவிடுகிறது. மஞ்சள் பூத்த கண்களும், வீங்கிய வயிறும், செருப்பு நுழையாத கால்களுமே மிஞ்சுகின்றன. "நல்லவன்", "இரக்கமுள்ளவன்" போன்ற சொற்களை எழுதாதீர்கள். அவன் செய்ததை எழுதுங்கள். வட்டப்பெயர் எப்படி வந்தது, மரச்சீனிக் கிழங்குக்கு எந்த மீன்கறி இருந்தால் இரண்டாம் முறை கேட்பான், யாருடைய வீட்டுக் கிணற்றில் விழுந்த ஆட்டைத் தூக்க முதலில் கயிற்றில் இறங்கினான் என்பனவற்றை எழுதுங்கள். சங்கப் புலவர்கள் இறந்தவரை நினைத்துப் பாடியதைக் கையறுநிலை என்று தனித் துறையாகவே வகுத்திருக்கிறார்கள். அத்தகைய பாட்டுகள் சிலவற்றிலும் இறந்தவன் தன் கையால் கொடுத்ததும் உடன் அமர்ந்து உண்டதும் பேசப்படுகின்றன.

அவன் செய்த தீங்குகளையும் அதே நோட்டில் எழுத வேண்டும். கடனாக வாங்கித் திருப்பித் தராத பணம், அடகுக்குப் போன மனைவியின் வளையல், கோயில் திருவிழாவில் எல்லோர் முன்பும் உங்களைத் திட்டியது ஆகியவற்றை மறைத்தால், அந்த நோட்டில் இருப்பவன் உங்கள் நண்பனாக இருக்கமாட்டான்.

இதை நான் கற்றது அவன் வெட்டிய மரங்களிடமிருந்து. ரப்பர் மரத்தில் பட்டையை மெல்லிய சீவலாகத்தான் எடுக்க வேண்டும். கத்தி ஆழமாக இறங்கித் தடியை ஒட்டியிருக்கும் வளர்படலத்தைக் காயப்படுத்திவிட்டால், மறுபடி வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகவே வளரும். பிறகு அதன்மேல் வெட்டுவது கடினம். அவன் மறைந்த அடுத்த ஆண்டு அந்தத் தோட்டத்துக்குப் போய், அவன் பார்த்துவந்த வரிசையில் ஒவ்வொரு மரமாகக் கைவைத்துத் தடவினேன். நல்ல ஆண்டுகளில் அவன் வெட்டிய பக்கம், சாந்து பூசிய சுவர்போல வழவழப்பாக வளர்ந்திருந்தது. அதே மரத்தின் மறுபக்கத்தில், கடைசி இரண்டு ஆண்டுகளின் வெட்டு கட்டைவிரல் பருமனில் முண்டுகளாகப் புடைத்திருந்தது. இரண்டும் அவன் கைதான். அன்று வீடு திரும்பித்தான் அதுவரை எழுதத் தயங்கியிருந்த பக்கங்களை எழுதினேன்.

படம் தேர்ந்தெடுக்கும்போது

கண்ணீர் அஞ்சலிப் பலகைக்கு அவசரத்தில் கிடைத்த படத்தைக் கொடுத்துவிடுகிறோம். நாங்கள் திற்பரப்பு அருவிக்குப் போனபோது எடுத்த குழுப்படத்திலிருந்து அவன் முகத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தோம்; ஓரத்தில் யாரோ ஒருவரின் கையும் குப்பியும் பாதி தெரிந்ததை, பலகை சந்திப்பில் ஏறிய பிறகே கவனித்தோம். அம்மாவிடமோ உடன்பிறந்தவர்களிடமோ கேட்டு, அவன் வேலையில் இருக்கும் படம் ஒன்றைத் தேடி எடுங்கள்.

மனைவியையும் பிள்ளைகளையும் வற்புறுத்தாதீர்கள்

நண்பர்களுக்குக் கிடைத்த மனிதனும் மனைவிக்குக் கிடைத்த மனிதனும் ஒருவனல்ல. அவன் என்னைவிட மூத்தவன். அவன் மனைவியை மயினி என்றுதான் அழைப்பேன். "அண்ணனைப்போல ஒருத்தர் வரமாட்டார் மயினி" என்று நான் ஆறுதலாகச் சொன்னபோது, அவர் பதில் ஏதும் பேசாமல் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார். பல இரவுகள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுத் திண்ணையில் படுத்தவர் அவர். நீங்கள் நினைவுகூர்வதற்கு அவருடைய சம்மதம் தேவையில்லை; அவரும் உங்களோடு சேர்ந்து அழ வேண்டும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. மளிகைக்கோ பள்ளிக் கட்டணத்துக்கோ உதவ முடிந்தால், அதை அவனுடைய பெயரைச் சொல்லாமல் செய்யுங்கள்.

பிள்ளைகள் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "அப்பாவுக்கு ஒரு நோய் இருந்தது, அந்த நோய் வந்தவர்களால் குடியை எளிதில் விட்டுவிட முடியாது, அது உங்களால் வந்ததல்ல" என்று வயதுக்கேற்ற சொற்களில் சொல்லலாம். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாமல் சொல்லுங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் கேட்கத் தெரியாமல் மனத்துக்குள் வைத்திருப்பது அதைத்தான்.

எடுக்காத அழைப்பு

இறப்பதற்கு நான்கு நாட்களுக்கு முன் இரவில் அவன் என்னை அழைத்தான். பணம் கேட்பான் என்று நினைத்து நான் எடுக்கவில்லை. பணம் கேட்கத்தான் அழைத்தானா என்பது எனக்கு இனி ஒருபோதும் தெரியாது. உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கலாம். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று 1951-ல் தொடங்கிய அல்-அனான் குழுக்களில், நோயை நாம் உண்டாக்கவில்லை, நம்மால் அதைக் கட்டுப்படுத்தவும் குணப்படுத்தவும் முடியாது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுண்டு. அதை முதலில் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தபோது பாரம் சற்றுக் குறைந்தது. அந்த அழைப்பைப் பற்றி உங்கள் நோட்டில் எழுதுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டும் சொல்லுங்கள். தூக்கமின்றித் தவித்தால், 14416 என்ற டெலிமானஸ் எனும் அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

நினைவு நாளில் குடிக்காதீர்கள்

இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். நண்பனின் நினைவு நாளில் கூடி, அவன் பங்கென்று ஒரு குவளையைத் தனியே ஊற்றி வைத்துக் குடிக்கும் வழக்கம் எங்கள் கூட்டத்திலும் முதலாண்டு இருந்தது. அன்று எங்களோடு உட்கார்ந்திருந்த ஒருவனுக்கும் அதே கை நடுக்கம் தொடங்கியிருந்ததைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினோம். கூட்டத்தில் அப்படி ஒருவர் இருந்தால், உடனே நிறுத்தும்படி சத்தியம் வாங்காதீர்கள். அது ஆபத்து என்பதை மேலே சொல்லியிருக்கிறேன். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மருத்துவரிடமோ கூட்டிச் செல்லுங்கள். போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கான தேசிய உதவி எண் 14446.

எந்த நாளில், எங்கே

நம் குமரி மாவட்டத்தில் இதற்கான நாட்கள் முன்பே இருக்கின்றன. கத்தோலிக்கர் நவம்பர் 2-ல் கல்லறையைச் சுத்தம் செய்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். இந்துக்கள் ஆடி அமாவாசையன்று குழித்துறை ஆற்றங்கரையிலும் கன்னியாகுமரிக் கடலிலும் இறந்தவர்களுக்குப் பலியிட, அதாவது தர்ப்பணம் செய்ய, கூடுகிறார்கள். இஸ்லாமியர் அடக்கத்தலத்துக்குச் சென்று துஆ செய்கிறார்கள். குடியால் இறந்தவனுக்கு எதற்கு இதெல்லாம் என்று வீட்டார் வெட்கப்பட்டு விட்டுவிட்டால், நண்பர்கள் நீங்கள் உடன் வருவதாகச் சொல்லிப் பாருங்கள்; பலர் அந்த ஒரு துணைக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

அன்று மாலை அவனுடைய அம்மாவிடம் போய், நோட்டிலிருந்து இரண்டு பக்கம் வாசியுங்கள். நான் வாசித்தபோது, ஆடு விழுந்தது வடக்கே உள்ள கிணற்றில் அல்ல, பள்ளிக்கூடத்துக் கிணற்றில் என்றும், அவன் இறங்கியது இரண்டு முறை என்றும், முதல் முறை கயிறு அறுந்து தானும் விழுந்தான் என்றும் அம்மா திருத்தினார். திருத்துகிறவர் சொல்வதை அப்படியே பக்கத்தின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதையும் சேர்த்து வாசிக்கலாம்.