சண்டை வர்ற நேரத்துல ஒட்டகச்சிவிங்கி மாதிரி பேசுறது எப்படி

அமெரிக்காவுல மார்ஷல் ரோசன்பர்க்னு ஒரு உளவியலாளர் இருந்தார் (1934-2015). சின்ன வயசுல டெட்ராய்ட்ல வளர்ந்தவர், 1943ல அங்க நடந்த இனக்கலவரத்த பக்கத்துல இருந்து பாத்தவர். மனுஷன் மனுஷன ஏன் இப்படி காயப்படுத்துறான், அதே சூழ்நிலையில சில பேர் மட்டும் எப்படி இரக்கத்தோட இருக்காங்கன்னு வாழ்நாள் முழுக்க யோசிச்சு ஒரு பேச்சு முறைய உருவாக்கினார். காந்தியோட அகிம்சைய மனசுல வச்சு அதுக்கு வன்முறையில்லாத பேச்சுமுறைன்னு பேர் வச்சார். வகுப்புக்கு போகும்போது ரெண்டு கை பொம்மை எடுத்துட்டு போவார், ஒண்ணு இரக்கத்தோட பேசுற ஒட்டகச்சிவிங்கி, இன்னொண்ணு நரி. இந்த நரி நம்ம கதையில வர்ற தந்திரக்கார நரி இல்ல, குறை சொல்ற, பட்டம் கட்டுற, மிரட்டுற நம்ம எல்லார் வாயும் தான் அது.

ஏன் ஒட்டகச்சிவிங்கின்னா, அதுக்கு நிலத்துல வாழ்ற உயிர்லயே பெரிய இதயம்னு இந்த வகுப்புகள்ல சொல்வாங்க. எடைன்னு பாத்தா யானையோட இதயம் தான் பெருசு. ஆனா ஒட்டகச்சிவிங்கியோட இதயமும் பல கிலோ இருக்கும், அவ்ளோ உயரத்துல இருக்குற தலைக்கு ரத்தத்த ஏத்தணும்ங்கறதால ரத்த அழுத்தமே நம்மளுத விட சுமாரா ரெண்டு மடங்கு. தூரத்துல வர்றத பாக்குற உயரம், அந்த உயரத்துக்கு ஈடுகுடுக்குற இதயம், ரெண்டும் சேந்து இருக்கு, எனக்கு அது போதும்.

சரி, எப்படி பேசுறது? ஒரே ஒரு வீட்டு விஷயத்த எடுத்துக்குவோம். வயசான அம்மாவ தங்கச்சி பாத்துக்குறாங்க, அண்ணன் வேற ஊர்ல. தங்கச்சி வாயில முதல்ல வர்றது "அண்ணா, உனக்கு அம்மா மேல அக்கறையே இல்ல, எப்ப பாரு எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டு நீ நிம்மதியா இருக்க". இது நரி. அவங்க வலி நூறு சதவீதம் உண்மை, ஆனா இந்த வார்த்தைய கேட்ட உடனே அண்ணன் தன்ன காப்பாத்திக்கத்தான் பாப்பார், அம்மா விஷயம் அங்கயே காணாம போயிடும்.

முதல்ல நடந்தத மட்டும் சொல்லணும், கேமராவுல பதிவாகுற மாதிரி. அக்கறை இல்லங்கறது கேமராவுல விழாது. "போன மூணு செக்கப்புக்கும் நான் தான் அம்மாவ கூட்டிட்டு போனேன்" இது விழும். எப்ப பாரு, ஒருநாளும், எல்லாமே... இந்த வார்த்தைங்கள எடுத்துட்டாலே பாதி சூடு குறையும், ஏன்னா "ஏன், தீபாவளிக்கு நான் வரலயா"ன்னு எதிர்ல இருக்கவங்க கணக்கு எடுக்க அதுக்கு அப்புறம் வழியே இல்ல.

அடுத்து உணர்ச்சி. எல்லாரும் மாட்டிக்குற இடம் இது தான், அதனால கொஞ்சம் நின்னு பாருங்க. "நீ என்னை மதிக்கல", "என்னை ஏமாத்திட்ட", "என்னை ஒரு ஆளாவே நினைக்கல", இதெல்லாம் உணர்ச்சின்னு நினைச்சு தான் சொல்றோம், ஆனா மூணுமே அடுத்தவங்க மேல வைக்கிற குற்றச்சாட்டு. உங்க உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க, களைப்பா, பயமா, தனியா மாட்டிக்கிட்ட மாதிரியா, ஏக்கமா? நம்ம வீடுகள்ல கோவம்னு ஒரே பேர்ல எல்லாத்தையும் கொட்டிடுறோம், அதுக்கு அடியில பெரும்பாலும் பயமோ வருத்தமோ தான் உக்காந்திருக்கும். அத வாய்விட்டு சொன்னா பலவீனமா தெரியும்னு தோணும், ஆனா எதிர்ல இருக்கவங்க மனசு தொறக்குறது அங்க தான்.

மூணாவது, அந்த உணர்ச்சிக்கு பின்னாடி இருக்குற தேவை. தங்கச்சிக்கு வேண்டியது ஓய்வு, ஒரு துணை. "அண்ணன் லீவு போட்டு வரணும்"ங்கறது தேவை இல்ல, தேவைய நிறைவேத்துற பல வழியில ஒண்ணு. இந்த வித்தியாசம் புரிஞ்சா அண்ணன் வர முடியலன்னாலும் வேற வழி பேச முடியும்.

கடைசியா, நமக்கு வேணும்ங்கறத கேக்குறது. "கொஞ்சம் பொறுப்பா நடந்துக்கோ"ன்னா அவருக்கு என்ன செய்யணும்னே தெரியாது. செய்யக்கூடாதத சொல்லாம செய்யவேண்டியத, தேதி கிழமையோட கேளுங்க. மொத்தமா சேத்தா இப்படி வரும்: "அண்ணா, போன மூணு செக்கப்புக்கும் நான் தான் போனேன், ரொம்ப களைச்சு போயிருக்கேன், அம்மாவுக்கு திடீர்னு ஏதாவது ஆயிட்டா தனியா என்ன பண்ணுவேன்னு பயமாவும் இருக்கு, எனக்கு ஒரு துணை வேணும், அடுத்த மாச செக்கப்புக்கு நீ வந்து கூட்டிட்டு போக முடியுமா?" அவர் முடியாதுன்னா உங்களுக்கு ஆத்திரம் பொங்கி பழைய கதையெல்லாம் வெளிய வந்துச்சுன்னா நீங்க கேக்கல, உத்தரவு போட்டிருக்கீங்கன்னு அர்த்தம். முடியாதுன்னு சொல்றவருக்கும் ஏதோ ஒரு தேவை இருக்கும், அத விசாரிக்கணும்.

அடுத்தவங்க பேசுறத காது குடுத்து கேக்குறதுக்கும் இதே பயிற்சி தான். ரோசன்பர்க் வகுப்புல தலையில மாட்டிக்குற பொம்மை காது கூட இருக்கும். அண்ணன் "உனக்கு எப்பவும் புலம்பல் தான்"னு சொல்லிட்டார்னு வைங்க. ஆமா என் மேல தான் தப்புன்னு உள்ளுக்குள்ள சுருங்கலாம், நீ மட்டும் என்னன்னு திருப்பி அடிக்கலாம், ரெண்டுமே நரிக்காது. ஒட்டகச்சிவிங்கி காத உள்பக்கம் திருப்பினா, இத கேட்டதும் எனக்கு வலிக்குது, நான் படுற பாடு இவருக்கு புரியணும்னு இருக்குன்னு உங்கள நீங்களே கேப்பீங்க. வெளிப்பக்கம் திருப்பினா, "ஆபீஸ்லயும் டென்ஷன், இதுல நானும் குறை சொல்ற மாதிரி இருக்காண்ணா?"ன்னு கேள்வியா கேட்டு பாப்பீங்க. ஊகம் தப்பானா பரவாயில்ல, அவரே திருத்துவார். அந்த நேரத்துல மட்டும் தயவுசெஞ்சு அறிவுரை சொல்லாதீங்க, "இதெல்லாம் ஒரு கஷ்டமா"ன்னும் சொல்லாதீங்க, முழுசா கேட்டு முடிங்க.

நடந்தது, உணர்ச்சி, தேவை, கேக்குறதுன்னு நாலையும் மனப்பாடமா வரிசையா ஒப்பிச்சா செயற்கையா இருக்கும், வரிசை முக்கியமே இல்ல, எதிர்ல இருக்கவர ஜெயிக்கணும்ங்கற எண்ணம் உள்ள இருந்தா எவ்ளோ மென்மையா பேசினாலும் அது வெளிய தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம், எல்லாத்துக்கும் அடங்கி போறதுன்னு இத எடுத்துக்காதீங்க. ஒட்டகச்சிவிங்கி உதைச்சா சிங்கமே சாகும். அடி உதை நடக்குற வீட்ல முதல் வேலை பாதுகாப்பான இடத்துக்கு போறது, உதவி கூப்பிடுறது, பேச்செல்லாம் அப்புறம். ஆபத்த தடுக்க பலத்த பயன்படுத்துறத ரோசன்பர்க்கும் ஏத்துக்கிட்டார், பழிவாங்கவும் தண்டிக்கவும் பயன்படுத்துறது தான் வேண்டாம்னார்.

புதுசா ஆரம்பிக்கிறவங்க பெரிய சண்டையில போய் இத சோதிச்சு பாக்காதீங்க, நன்றி சொல்றதுல ஆரம்பிங்க. "நீ ரொம்ப நல்லவன்"னா அதுவும் ஒரு பட்டம் தான். "ஞாயித்துக்கிழம நீ அம்மா கூட இருந்ததால நான் மத்தியானம் நல்லா தூங்கினேன் அண்ணா, உடம்பே லேசாயிடுச்சு, அந்த ஓய்வு எனக்கு அவ்ளோ தேவைப்பட்டுச்சு"ன்னு சொல்லி பாருங்க. நடந்தது, உணர்ச்சி, தேவை மூணும் அதுலயே இருக்கு, சண்டையே இல்லாம பழகிடலாம்.