சுவரில் நீட்டிக்கொண்டிருப்பது ஆணி அல்ல

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்குக் குடிவருபவர்கள் முதல் வாரத்தில் செய்ய வேண்டியவற்றை எவரும் சொல்லித் தருவார்கள். தீ என்றால் 101 அல்ல, 911 என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவைக்க வேண்டும். புகை எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். எங்களுக்கு ஒருவரும் சொல்லாத செய்தி வேறு.

ஃப்ரீமான்டில் நாங்கள் வாடகைக்கு எடுத்த டவுன்ஹவுஸின் வரவேற்பறைச் சுவரில், கூரையை ஒட்டி, விரலளவு உலோக மூக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், கொலுவுக்கு விதானமாகக் கட்டிய பட்டுச்சேலையின் ஒரு முனையை அதில் முடிந்துவைத்தேன். இரண்டாம் நாள் மாலை சுண்டலுக்கு வந்திருந்த குழந்தை ஒன்று சேலையைப் பிடித்துத் தொங்கியது. மூக்கிலிருந்த சிவப்புக் கண்ணாடிக் குமிழ் உடைந்து, நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 லிட்டர் என்ற வேகத்தில் நாற்றமடிக்கும் தண்ணீர் பீறிட்டது. அது ஆணி அல்ல, தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் பீய்ச்சும் ஸ்பிரிங்க்ளர் என்று அப்போதுதான் தெரிந்தது. அடைக்கும் வால்வு கராஜில் இருப்பதைக் கண்டுபிடிக்க இருபது நிமிடங்கள் ஆயின. காகிதக்கூழ் பொம்மைகள் கரைந்துபோக, பாட்டி கொடுத்த மரப்பாச்சிகள் மட்டுமே தப்பின.

ஊரில் இப்படி நடந்தால் வீட்டுக்காரர் சத்தம் போடுவார், அட்வான்ஸில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார், அத்தோடு முடிந்துவிடும். இங்கே வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்த காப்பீட்டு நிறுவனம், தரைக்கும் சுவருக்கும் ஆன செலவு முழுவதையும் எங்களிடம் கேட்டுக் கடிதம் அனுப்பியது. குடியிருப்பவர் எடுக்கும் ரென்டர்ஸ் இன்சூரன்ஸை வீண் செலவு என்று ஒதுக்கியிருந்த எனக்கு, ஓராண்டுச் சேமிப்பு அதில் கரைந்தது. வீட்டைக் காட்டியவர் குப்பைத்தொட்டிகளின் நிறங்களை அரைமணி நேரம் விளக்கினார். அந்த மூக்கைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை என்ற எரிச்சல் இன்னும் தீரவில்லை.

ஆகவே ஸ்பிரிங்க்ளரில் துணியோ தோரணமோ ஹேங்கரோ மாட்டாதீர்கள். தாளிக்கும் புகைக்குத் தண்ணீர் கொட்டிவிடும் என்று அஞ்சி அதைப் பிளாஸ்டிக் பையால் மூடாதீர்கள். அது புகைக்கு அசையாது. வீடுகளில் பரவலாக உள்ள சிவப்புக் குமிழ், சுமார் 68 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் உடையும்; அதுவும் தீக்கு அருகில் இருப்பது மட்டுமே திறக்கும். சினிமாவில் காட்டுவதைப் போல வீடு முழுவதும் மழை பெய்யாது. சில வீடுகளில் அது கூரையில் வெள்ளை வில்லையாக மறைந்திருக்கும். பெயின்ட் அடிப்பவர் அதன் மேலும் தூரிகையை ஓட்டிவிட்டால் வில்லை கூரையோடு ஒட்டிக்கொண்டு, தேவைப்படும் நேரத்தில் விழாமல் போகலாம்.

இவ்வளவு பட்ட பிறகு, ஸ்பிரிங்க்ளர் இல்லாத பழைய வீடாகப் பாருங்கள் என்று நண்பர்கள் அறிவுரை சொன்னார்கள். நான் கேட்கவில்லை. இங்குள்ள வீடுகள் மரச்சட்டத்தில் எழுப்பியவை. பூஜை விளக்கிலிருந்து திரைச்சீலை பற்றினால், காங்கிரீட் வீட்டில் கிடைக்கும் அவகாசம் கிடைக்காது. தண்ணீர் கிடைக்காமல் போவதன் விலையும் இந்த ஊருக்குத் தெரியும். 1906 ஏப்ரல் 18 அன்று சான் பிரான்சிஸ்கோவை உலுக்கிய நிலநடுக்கத்தில் தெருவுக்கு அடியில் ஓடிய தண்ணீர்க் குழாய்கள் உடைந்தன. தீயணைப்புத் தலைவர் டென்னிஸ் சல்லிவன் படுகாயமுற்றுச் சில நாட்களில் இறந்தார். தீ நாட்கணக்கில் எரிந்து, ஏறத்தாழ 28,000 கட்டடங்கள் அழிந்தன. இருபதாம் தெருவும் சர்ச் தெருவும் சந்திக்கும் இடத்தில் தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் எடுக்கும் ஹைட்ரன்ட் ஒன்று மட்டும் வற்றாமல் மிஷன் பகுதியைக் காத்தது. இன்றும் ஆண்டுதோறும் அதே நாள் விடியலில் அதற்குப் பொன்வண்ணம் பூசுகிறார்கள். ஆயுத பூஜையில் கருவிகளுக்குச் சந்தனம் வைத்து வளர்ந்தவனுக்கு அதில் வியப்பேதும் இல்லை. பின்னர் நகரம் தீயணைப்புக்கென்றே தனிக் குழாய்த்தொடர் அமைத்தது. அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் நகரம் 1986இலேயே புதிய வீடுகளுக்கு ஸ்பிரிங்க்ளரைக் கட்டாயமாக்கியது. கலிபோர்னியா முழுவதற்கும் அந்த விதி 2011இல் வந்தது.

சாவி வாங்கும் நாளிலேயே வால்வு எங்கே என்று கேட்டு, அதைத் தொட்டுப் பாருங்கள். இன்சூரன்ஸை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். எங்கள் விதானம் இந்த ஆண்டு எதிர்ச்சுவர்ப் பக்கம், கடன் வாங்கிய இரண்டு மைக் ஸ்டாண்டுகளுக்கு இடையே கட்டப்பட்டது.