பெயரை மறைத்துப் படிக்கக் கொடுங்கள்

பள்ளி இறுதியாண்டு மலரில் வகுப்புத் தோழர்களைப் பற்றி நாலு வரி எழுதினால், பெயரை மறைத்து வேறு இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள். யாரென்று உடனே சொல்லிவிட்டால் வரி தேறியது.

'கலகலப்பானவள்', 'நல்ல நண்பன்' எல்லாம் பாதி வகுப்புக்குப் பொருந்தும். 'மூன்று பேனா கொண்டுவந்து மூன்றையும் கடன் கொடுத்துவிட்டு, பரீட்சை மணி அடித்ததும் நாலாவதைத் தேடுபவன்' என்பது ஒருவனுக்குத்தான். சிரிப்பும் பாசமும் அந்தச் செயலிலேயே இருக்கின்றன. தனியாகப் புகழ வேண்டாம். அச்சுக்குப் போகுமுன் உரியவரிடம் காட்டுங்கள். அவர் சிரிக்காவிட்டால் வெட்டிவிட வேண்டியதுதான்.

உடல்வாகு, நிறம், திக்குவாய், மதிப்பெண் பற்றிய வரிகளுக்கு இந்தச் சோதனை செல்லாது. ஆள் உடனே தெரியும், மனமும் புண்படும். நடுவில் வந்து சேர்ந்தவரை மற்றவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் கேட்டு எழுதுங்கள்.