அகதிகளோடு அமைப்பு வேலை: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அகதிகளின் உரிமைக்காக வேலை செய்ய வருகிறவர்கள் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். படிவம் நிரப்பித் தருகிறார்கள், மருத்துவமனைக்குத் துணை போகிறார்கள், துணிமணி சேர்த்துக் கொடுக்கிறார்கள். எல்லாமே தேவையான உதவிதான். ஆனால் இதையே அமைப்பு வேலை என்று நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. உதவியால் ஒருவருடைய இன்றைய சிக்கல் தீரும். அந்தச் சிக்கலை உண்டாக்குகிற விதியை மாற்றச் சொல்லி அவர்களே ஒன்றுசேர்ந்து கேட்பதற்கு வழி செய்வதுதான் அமைப்பு வேலை.

மக்களை ஒன்றுதிரட்டும் வேலையில் பெயர்பெற்ற சால் அலின்ஸ்கி 1940-இல் சிகாகோவில் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் ஏரியாஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பில் 'இரும்பு விதி' என்று ஒன்றைச் சொல்லித்தருவார்கள்: ஒருவர் தானே செய்துகொள்ளக்கூடியதை அவருக்காக நீங்கள் செய்யாதீர்கள். குடிவரவு அலுவலகத்துக்குப் போன் செய்ய ஒரு தாய் தயங்குகிறார். போனை வாங்கி நாமே பேசிவிட்டால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்க வேண்டியதை இரண்டு முறை பேசிப் பார்க்கவைத்து, அப்புறம் அவரையே பேசச் சொன்னால் ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் அடுத்த மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அவரே அதைச் சொல்லிக்கொடுப்பார். அந்த ஒரு மணி நேரம்தான் நம் வேலை.

முதல் சந்திப்பில் நடக்கும் தவறுகள்தான் அதிகம். குழந்தையின் பள்ளியைப் பற்றிக் கலகலப்பாகப் பேசிக்கொண்டிருக்கிறார் ஒருவர். நீங்கள் பையிலிருந்து நோட்டை எடுக்கிறீர்கள். உடனே நிமிர்ந்து உட்காருகிறார், பதில் "ஆமாம்", "இல்லை" என்று சுருங்கிவிடுகிறது. கையில் நோட்டோடு அவர் எதிரே இதுவரை உட்கார்ந்தவர்கள் எல்லாரும் அதிகாரிகள். அதனால் முதல் நாள் நோட்டு வேண்டாம், போனில் பதிவும் வேண்டாம். "எப்படித் தப்பி வந்தீர்கள்?" என்று கேட்கவே கேட்காதீர்கள். இப்போது எது தூக்கத்தைக் கெடுக்கிறது, ஒரு சிக்கல் என்றால் இந்தப் பகுதி ஆட்கள் யாரிடம் போய் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விக்குப் பலர் ஒரே பெயரைச் சொன்னால், நீங்கள் தேடிய தலைவர் அவர்தான். மேடையில் நன்றாகப் பேசுகிறவராக அவர் இருக்க வேண்டும் என்பதில்லை.

தப்பி வந்த கதையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே செய்யும் தவறு ஒருவருடைய வாழ்க்கையையே பாதிக்கும். புகலிடம் கேட்டு மனுச் செய்தவர் சொல்லும் ஒவ்வொரு தேதியும் விசாரணையில் ஒப்பிட்டுப் பார்க்கப்படும். கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டு மார்ச் என்பதற்குப் பதிலாக மே என்று சொல்லி, அது வீடியோவாகச் சுற்றினால், "முன்னுக்குப் பின் முரண்" என்று அதையே அவருக்கு எதிராகக் காட்ட முடியும். ஊரில் இருக்கிற உறவினர்களுக்கும் ஆபத்து வரலாம். எனவே வழக்கறிஞரைக் கேட்காமல் யாரையும் பொதுவில் கதை சொல்ல வைக்கக் கூடாது. ஒருமுறை சம்மதம் வாங்கியது என்றென்றைக்கும் ஆகாது. போட்ட படத்தை நீக்கிவிடுங்கள் என்று நாளை கேட்டால் நாளையே நீக்கிவிட வேண்டும்.

சட்ட ஆலோசனையும் அப்படித்தான். "என் நண்பருக்கு இப்படிச் செய்துதான் விசா கிடைத்தது" என்று ஆரம்பிக்கிற பேச்சு பல வழக்குகளைக் கெடுத்திருக்கிறது. பிரிட்டனில் தகுதி இல்லாதவர் குடிவரவு ஆலோசனை தருவது 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் வந்து சேர்ந்த ஓராண்டுக்குள் புகலிட மனுவைப் போட வேண்டும், விதிவிலக்குகள் குறைவு. நம் யோசனையைக் கேட்டுக் காத்திருந்தவருக்கு அந்தக் கெடு போய்விட்டால் யார் பொறுப்பு? நல்ல வழக்கறிஞரிடம் நேரம் வாங்கிக் கொடுங்கள், கூடப் போங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

மொழிபெயர்க்கப் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். அப்பா அடிபட்ட கதையைப் பத்து வயதுக் குழந்தை தன் வாயால் சொல்லும்படி ஆகிவிடும். அதே மொழி பேசுகிற பெரியவர் கிடைத்தாலும், அவர் ஊரில் நடந்த மோதலில் எதிர்த்தரப்பைச் சேர்ந்தவராக இருக்கலாம். இவர் இருந்தால் பேசச் சம்மதமா என்று முதலில் தனியாகக் கேளுங்கள்.

கூட்டம் நடக்கும்போது வாசலில் வருகைப் பதிவேடு வைப்பதும் ஒரு பழக்கம். பெயர், முகவரி, போன் எண் என்று கட்டம் போட்ட அந்தத் தாளைப் பார்த்துத் திரும்பிப் போனவர்களின் கணக்கு யாரிடமும் இருக்காது. இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களை ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கூப்பிட்டுவிட்டு ஆர்வம் இல்லை என்று குறைப்படுவதும் நியாயமில்லை.

போராட்டத்தில் ஆபத்தை யார் ஏற்பது என்பதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. நாட்டில் தங்குவதற்கான ஆவணம் இல்லாதவரை விளைவைச் சொல்லாமல் முன்வரிசையில் நிறுத்துவது ஒன்று. அவர் பயந்தவர் என்று நாமே முடிவுகட்டி ஓரம்கட்டுவது இன்னொன்று. 2010 மே மாதம் அமெரிக்காவின் அரிசோனா மாநில டூசான் நகரில், செனட்டர் ஜான் மெக்கெய்னின் அலுவலகத்தில் ஆவணமில்லாத இளைஞர்கள் உட்கார்ந்து கைதானார்கள். நாடுகடத்தப்படலாம் என்று தெரிந்தே அவர்கள் எடுத்த முடிவு அது. அவர்களைப் போன்ற இளைஞர்களின் தொடர் போராட்டத்துக்குப் பிறகுதான், 2012-இல் சிறுவயதில் வந்தவர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு தரும் டாக்கா (DACA) என்ற அமெரிக்க அரசுத் திட்டம் வந்தது.

"அகதிகளுக்கு நீதி வேண்டும்" என்று பேனர் பிடித்தால், சரி என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர் யாரென்றே தெரியாது. ஆஸ்திரேலியாவின் சிறு நகரமான பிலோயீலாவிலிருந்து 2018 மார்ச்சில் ஓர் ஈழத் தமிழ்க் குடும்பத்தை அதிகாலையில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஊர்க்காரர்கள் வைத்த கோரிக்கை ஒன்றே ஒன்று: அவர்களை எங்கள் ஊருக்குத் திருப்பி அனுப்புங்கள். விசா தரும் தனி அதிகாரம் அமைச்சரிடம் இருந்தது, அதனால் அங்கேயே அழுத்தம் கொடுத்தார்கள். 2019 ஆகஸ்டில் நாடுகடத்த ஏற்றிய விமானம் நீதிமன்றத் தடையால் டார்வினில் இறங்கியது, அப்புறம் கிறிஸ்மஸ் தீவில் அடைத்தார்கள். ஆட்சி மாறி, 2022 ஜூனில் குடும்பம் பிலோயீலா திரும்பியது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊர் விடவில்லை.

இதிலிருந்து பலர் தவறான பாடம் ஒன்றையும் எடுத்துக்கொள்கிறார்கள். இவர்கள் உழைப்பாளிகள், நல்லவர்கள், அதனால் இருக்க விடுங்கள் என்று பேசுவது எளிது. ஆனால் வேலை கிடைக்காதவரையும், நோயாளியையும், பழைய வழக்கு உள்ளவரையும் அந்தப் பேச்சு வெளியே தள்ளிவிடுகிறது. ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற விதியை 1951 அகதிகள் உடன்படிக்கையின் 33-ஆம் பிரிவு வைத்திருக்கிறது. கடின உழைப்பு அதற்கு ஒரு நிபந்தனையே இல்லை.

தோற்கும் நாளும் வரும். ஒருவரை நாடுகடத்திவிடுவார்கள், கூட்டம் கலைந்துவிடும். வெட்கத்தாலோ துக்கத்தாலோ அந்த வீட்டுப் பக்கம் போகாமல் இருந்துவிடுவதுதான் பழகியவர்களும் செய்யும் தவறு. மறுநாளே போங்கள். வாடகை, பள்ளி, மாத்திரை என்று அங்கே வேலை இருக்கும்.